போற வழியில் ஒரு ஃப்ளையிங் விசிட்

அம்பாசமுத்திரம் மஹ்மூதா பீவிக்கு ஆங்கிலத்தில் உருப்படியாகத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். ஃப்ளையிங் விசிட். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவர் தாமிரபரணிக் கரை முழுக்கப் பெண் வைத்திருக்கும் வீடுகளைக் கிடுகிடுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

இதையே தமிழில் சொன்னால் சண்டை வரும். 'உங்க வீட்டுக்கு வருவேன், முன்கூட்டிச் சொல்ல மாட்டேன், வந்தாலும் ஒரு வாய் சாப்பிட மாட்டேன், பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டுப் போயிருவேன்' என்று ஒருத்தர் சொன்னால் நாம் சும்மா இருப்போமா? அதே சங்கதியை இங்கிலீஷில் சொன்னால் மட்டும், "அதுக்கென்ன மதினி, வாங்க வாங்க" என்று வாய் தன்னால் பல்லைக் காட்டிவிடுகிறது. கலெக்டருக்கும் மந்திரிக்கும் உரிய சொல் என்பதால் ஒரு மரியாதை வந்துவிடுகிறது போல. எனக்கு மரியாதை வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது.

பீவியின் ஒரே மகன் அப்ரார். அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன், சோலியைப் பார்க்கிறவன் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவனுக்குப் பெண் பார்ப்பதென்றால் பீவி நேராகப் பெண் பார்க்க வர மாட்டார். தென்காசிக்குப் போகிற வழியில், திருச்செந்தூர் ரோட்டில் ஒரு மவுத்துக்குத் துக்கம் கேட்கப் போய் வருகிற வழியில், பல் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என்று ஏதாவது ஒரு வழியில் திடீரென்று வாசலில் வந்து நிற்பார். வீரவநல்லூரில் ஒரு பெண்ணைக் கட்டிலில் ஈரத்துண்டு கிடந்ததற்காக வேண்டாம் என்றாராம். முக்கூடலில் பெண் பகல் பதினொரு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தாளாம். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

இந்தப் பீவியின் பார்வை இப்போது எங்கள் அர்ஷியா மேல் விழுந்திருந்தது.

அர்ஷியா என் லாத்தா, அதாவது அக்கா, கமர் நிஷாவின் மகள். நான் அவளுக்குச் சாச்சி, பெயர் நஃபீஸத். மேலப்பாளையத்தில் லாத்தா வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறேன். இருக்கிறேன் என்று பெயர்தானே தவிர, என் வீட்டில் இருப்பதைவிட அவர்கள் வீட்டில்தான் அதிகம் இருப்பேன். என் மாப்பிள்ளை மஸ்கட்டில். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் திரும்பக் கட்ட ஆரம்பித்துவிடுவார். அதுவும் ஒரு ஃப்ளையிங் விசிட்தான். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு அழுகை வந்துவிடும், விட்டுவிடுவோம்.

அர்ஷியா பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாள். படித்து வாங்கிய வேலை. அவளுக்கு ஏற்கனவே இரண்டு சம்பந்தம் கைகூடி வந்து கலைந்தது. "பொண்ணு வேலைக்குப் போகட்டும், எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று முதலில் சொன்னார்கள். அழுத்திக் கேட்டால் பிறகு பாத்துக்கிடலாம் என்று இழுத்தார்கள். நிச்சயத்துக்கு நாள் குறிக்கும்போது, "பையன் சம்மதிக்கல" என்றார்கள். பையனைக் கேட்டால், "உம்மா சம்மதிக்கல" என்றான். யார்தான் சம்மதிக்கவில்லை என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றைக்கு அர்ஷியா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"சாச்சி, இனிமே எவன் வந்தாலும் அவன் வாயால நான் கேக்கணும். உம்மா சொல்லுதாவ, மாமா சொல்லுதாவங்கிற கதையே வேண்டாம். கேக்காம நான் சம்மதம் சொல்ல மாட்டேன். வேலையை விடணும்னா எனக்கு மாப்பிள்ளையும் வேண்டாம்."

லாத்தா நெஞ்சில் கை வைத்தாள். எங்கள் பக்கத்தில் நிக்காஹுக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்கிற வழக்கம் கிடையாது. என் மாப்பிள்ளையின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டதே நிக்காஹ் முடிந்த பிறகுதான். "ஃபேனைக் கூட்டி வை" என்றார். அதற்கு முன்னால் கேட்டிருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று இத்தனை வருஷம் கழித்தும் யோசிக்கிறேன். அதனால் அர்ஷியா சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. ஆனால் அதை லாத்தாவிடம் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. முதலில் மஹ்மூதா பீவியைச் சமாளிப்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

சமாளிக்க எனக்கு ஓர் ஆள் இருந்தான். பத்தமடையில் மெயின் ரோட்டின் மேலேயே குளிர்பானக் கடை வைத்திருக்கும் ஹசன் அலி. எனக்குச் சித்தப்பா மகன் முறை. அவன் மனைவி அம்பாசமுத்திரத்துக்காரி, பீவிக்கு ஏதோ உறவு. ஆக, இரண்டு பக்கமும் வேண்டியவன். அம்பாசமுத்திரத்திலிருந்து எந்தக் கார் மேலப்பாளையம் வந்தாலும் அவன் கடையைத் தாண்டாமல் வர முடியாது. பீவி ஏறி வரும் வெள்ளைக் கார் கண்ணில் பட்டால் எனக்குப் போன் போட வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

ஒரு புதன்கிழமை காலையில் போன் வந்தது.

"லாத்தா, வண்டி பத்தமடை தாண்டிட்டு. முன் சீட்டுல உக்காந்திருக்காவ. மூஞ்சி சரியில்ல."

"எப்பலே சரியா இருந்துச்சு" என்று போனை வைத்தேன். அர்ஷியாவுக்கு அன்றைக்கு விடுமுறை என்பதை மோப்பம் பிடித்துத்தான் வருகிறார் என்று புரிந்தது. அரை மணி நேரம் கூட இல்லை. நான் ஓடினேன்.

லாத்தா வீட்டைப் பார்த்தால் எனக்கே மயக்கம் வந்தது. தோசை மாவு வாளி பொங்கி வழிகிறது. மடிக்காத துணி கட்டில் நிறைய. அடுப்படியில் கழுவாத பாத்திரம். நடுவீட்டில் லாத்தாவின் வீட்டுக்காரர், எங்கள் மச்சான் நூகு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய சோற்றில் கையை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். மச்சான் தங்கமானவர். ஆனால் சாப்பிடும்போது அவர் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

"லாத்தா, ஒதுங்க வைக்கல்லாம் நேரமில்ல" என்றேன். "எல்லாத்தையும் தூக்கு."

பக்கத்து வீட்டுப் பாத்துமுத்து எங்களுக்கு உடன்பிறப்பு மாதிரி. அவள் வீட்டுப் பின்கட்டுக்கு எல்லாம் போயின. மாவு வாளி, துணி மூட்டை, பாத்திரம், கிழிந்த பாய், ஃப்ரிட்ஜில் இருந்த நேற்றைய மிச்சம் மீதி எல்லாம். கடைசியில் வீட்டில் ஒதுக்க முடியாமல் மிஞ்சியது மச்சான்தான்.

"நீங்களும் அங்கன போய் இருங்க மச்சான்."

"ஏளா, இது என் வீடு."

"ரெண்டு நாழி உங்க வீடு இல்ல. தட்டையும் எடுத்துக்கோங்க."

அவர் பழைய சோற்றுத் தட்டோடு எழுந்து போனார். வாசலில் நின்று, "பிள்ளையக் கெட்டிக் கொடுக்கதுக்கு இவ்வளவு இருக்கா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. அர்ஷியா ஒரு மூலையில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். கோபம் இல்லை, யோசனை இருந்தது. அதை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை.

கார் வந்து நின்றது. பீவி இறங்கினார். வெள்ளைத் துப்பட்டி, கையில் சின்னப் பை, காதில் அல்லுக்கத்து. ஐம்பத்தெட்டு வயதிருக்கும், நடையில் முப்பதுதான்.

"ஜங்ஷனுக்கு ஒரு சோலியா வந்தேன். போற வழியில ஒரு ஃப்ளையிங் விசிட். ஒண்ணும் செய்யாதிய, உக்கார நேரமில்ல" என்றபடியே உள்ளே வந்தார். உக்கார நேரமில்லாதவர் ஒவ்வோர் அறையாகப் போனார். கட்டிலைப் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்தார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய், கேட்காமல் ஃப்ரிட்ஜைத் திறந்தார். பாலும் இரண்டு எலுமிச்சம்பழமும் இருந்தன.

"மாவு இல்லையா?"

லாத்தா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"இன்னைக்குத்தான் தீந்துச்சு மதினி" என்றேன்.

கொல்லைக் கதவைத் திறந்து கொடியைப் பார்த்தார். ஒரு துணி இல்லை. "ஆளு குடியிருக்கிற வீடுதானா?" என்று மெதுவாகத் தனக்குள் சொல்லிக்கொண்டார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் தம்ளரை வைத்தார். பெண் வீட்டில் பேச்சு முடிகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக் கை நனைக்க மாட்டார்கள். அது எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் தண்ணீர்கூடக் குடிக்காததை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

அர்ஷியாவிடம் படிப்பைக் கேட்டார், வேலையைக் கேட்டார், "வாப்பா எங்க?" என்று கேட்டார். "வெளிய போயிருக்காங்க" என்று அர்ஷியா பதில் சொன்னாள். அதில் பொய் ஒன்றுமில்லை. பத்து நிமிஷத்தில் பீவி புறப்பட்டுவிட்டார். நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியில் நின்றது. பீவி காரில் ஏறவில்லை.

"பாத்துமுத்து வீடு இதுதானே? எங்க ஊர்ப் பிள்ளையில்லா. வந்தது வந்தேன், அங்கனயும் ஒரு ஃப்ளையிங் விசிட்."

நான் தடுக்க ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பாத்துமுத்து அம்பாசமுத்திரத்துக்காரி என்பது எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். அந்த நேரத்தில் மட்டும் மறந்து தொலைத்தேன்.

பீவி அந்த வீட்டின் பின்கட்டுக்குப் போனபோது அங்கே எங்கள் மொத்தக் குடும்பமும் கிடந்தது. பொங்குகிற மாவு, பாத்திரம், துணிமலை. துணிமலையில் சாய்ந்துகொண்டு நூகு மச்சான், பாத்துமுத்து கொடுத்த ஊறுகாயை வழித்து நக்கிக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் எழுந்து நின்று சலாம் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நாந்தான் பொண்ணோட வாப்பா" என்றார். "என்னைய இங்கன ஒதுக்கி வச்சிருக்காவ."

பீவி சிரித்த சிரிப்பு எங்கள் வீட்டு நடு அறை வரை கேட்டது. காரில் ஏறிய பிறகும் துப்பட்டியால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே போனார். நான் அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அதைவிட, என்னால் அந்தப் பிள்ளையின் சம்பந்தம் போய்விட்டதே என்று வயிறு எரிந்தது.

ஆனால் சம்பந்தம் போகவில்லை. அடுத்த வாரம் ஹசன் அலி மூலமாகச் சேதி வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். பெண்ணின் வாப்பாவையும் ரொம்பப் பிடித்திருக்கிறதாம். பெரியவர்கள் வந்து பேசி நாள் குறிக்கலாமாம். லாத்தா அந்த இடத்திலேயே கையேந்தித் துவா செய்தாள்.

அர்ஷியா மட்டும் அசையவில்லை. "அவர்ட்ட நான் பேசணும்" என்றாள்.

மச்சான் தயங்கித் தயங்கிப் பீவிக்குப் போன் செய்தார். பீவி நல்லபடியாகத்தான் பதில் சொன்னார். "நிக்காஹ் முடியட்டும், காலம் பூரா பேசிக்கிடட்டும். இப்ப என்னத்துக்கு?" வேலை விஷயத்தைக் கேட்டதற்கு, "அதெல்லாம் பிறகு பாத்துக்கிடலாம்" என்றார். இந்தப் பிறகு பாத்துக்கிடலாம் என்ற வார்த்தையை நாங்கள் ஏற்கனவே இரண்டு வீட்டில் கேட்டிருந்தோம். லாத்தா அழுதாள். மச்சான் மகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்று சாயங்காலம் அர்ஷியா என் வீட்டுக்கு வந்தாள்.

"சாச்சி, பாபநாசம் போய் ரொம்ப நாளாச்சுல்லா?"

"ஆமா. ஏன்?"

"ஞாயித்துக்கிழமை போவோம். போற வழியில அம்பாசமுத்திரத்துல ஒரு ஃப்ளையிங் விசிட்."

நான் அவளைப் பார்த்தேன். சிரிக்கவே இல்லை கள்ளி. பெண் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பதா? ஊர் என்ன சொல்லும்? லாத்தா என்ன சொல்லுவாள்? இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டிய வயதுதான் எனக்கு. எனக்கோ அந்தப் பீவி எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்த காட்சிதான் கண்ணில் நின்றது. அவர் வீட்டு ஃப்ரிட்ஜை நான் திறக்க வேண்டும். அதற்காகப் பாபநாசம் என்ன, பம்பாய்க்கே போகலாம்.

"ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாது" என்றேன். "முக்கியமா அந்த ஹசன் அலிக்கு. தெரிஞ்சா அடுத்த நிமிஷம் அங்க போன் போயிரும்."

"சரி சாச்சி" என்றாள் நல்ல பிள்ளையாக.

குளிக்கப் போகிறோம் என்று லாத்தாவிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை பாபநாசம் பஸ்ஸில் ஏறினோம். பத்தமடையில் பஸ் நின்றபோது நான் துப்பட்டியை மூக்கு வரை இழுத்துக்கொண்டு குனிந்தேன். ஹசன் அலி கடை வாசலில் நின்று பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தான். பஸ் நகர்ந்தது. ஜன்னலோரம் இருந்த அர்ஷியா கையை வெளியே நீட்டி, தேர்தலில் நிற்கிறவள் மாதிரி அவனைப் பார்த்து ஆட்டினாள்.

அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். "பாத்துட்டான்ட்டி!"

"அய்யோ, பழக்கதோஷத்துல கை தன்னால போயிட்டு சாச்சி."

"பாபநாசம் பஸ்ஸுல நாம ரெண்டு பேரு. அவன் விடுவானா? இப்ப போன் போயிருக்கும்."

"போயிருக்கும்" என்றாள், வயல்களைப் பார்த்துக்கொண்டு. நெல் நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. எனக்கு அதையெல்லாம் ரசிக்கிற நிலைமை இல்லை. திட்டம் முழுக்கப் பாழாய்ப் போனதே என்று சேரன்மகாதேவி வரை அவளைத் திட்டினேன். வீரவநல்லூர் வரை என்னைத் திட்டிக்கொண்டேன். கல்லிடைக்குறிச்சி ஆற்றுப்பாலம் வந்தபோது திட்டுவதற்கு ஆள் இல்லாமல் சும்மா இருந்தேன்.

அம்பாசமுத்திரத்தில் இறங்கி விசாரித்துப் போனோம். பீவியின் தெரு சின்னத் தெரு. பச்சை கேட் போட்ட வீடு அவருடையது. வாசல் அப்போதுதான் தெளித்தது போல் ஈரமாக இருந்தது. மிதியடி புதிது. திரைச்சீலைகூட இஸ்திரி போட்டது போல் நேராகத் தொங்கியது. போன் வந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"பாத்தியா, எல்லாம் ஒதுங்க வச்சாச்சு" என்றேன் வயிற்றெரிச்சலோடு. "இனி என்னத்தப் பாக்க?"

அர்ஷியா பச்சை கேட்டைத் தாண்டி நடந்தாள்.

"ஏட்டி, வீடு இது."

"தெரியும் சாச்சி. முதல்ல பக்கத்து வீட்டுக்கு ஒரு ஃப்ளையிங் விசிட்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்தமடையில் அந்தக் கை தன்னால் போகவில்லை, போன் போய்ச் சாமானெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போகட்டும் என்றுதான் போனது. ஓட்டமும் நடையுமாக அவள் பின்னால் போனேன்.

பக்கத்து வீட்டு வாசலில் மாதா படம் போட்ட சின்னக் கண்ணாடிக் கூடு இருந்தது. கதவைத் திறந்தது அந்தோணியம்மாள் என்கிற அம்மா. கூடங்குளம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவராம். நாங்கள் யாரென்று சொல்லும் முன்பே சத்தமாகச் சிரித்தார்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க. சாமானெல்லாம் பின்னால இருக்கு" என்றார், நாங்கள் ஏதோ சாமான் எடுக்க வந்த மாதிரி.

பின்கட்டில் எனக்குக் கண்கொள்ளாக் காட்சி. எங்களைப் பார்த்து அந்தச் சிரிப்புச் சிரித்த மஹ்மூதா பீவியின் மொத்தக் குடித்தனமும் அங்கே கிடந்தது. அழுக்குத் துணி மூட்டை. ஓட்டை வாளி. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அடுப்படி டப்பாக்கள். கை உடைந்த நாற்காலி. சோற்றுப் பானை, தட்டுகள், மூடியையும் மீறிக் குழம்பு வாசம் அடிக்கும் கருவாட்டு ஆணச் சட்டி. அல்லாவே, இந்த ஜென்மத்துக்கு இது போதும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் மாவு வாளி ஒன்றுதான் மானத்தை வாங்கியது. இங்கே கருவாடு!

சட்டிக்குப் பக்கத்தில் ஒரு குப்புறக் கவிழ்த்த வாளியின் மேல், கையில் விளக்குமாற்றுக் குச்சியோடு, ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு பூனை. போட்டோவில் பார்த்த முகம்தான். அப்ரார்.

எங்களைப் பார்த்ததும் எழுந்தான். குச்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"உம்மா ஒதுக்கி வச்சிட்டாவளா?" என்று கேட்டேன். எங்கள் மச்சானை நினைத்துக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"இல்ல மாமி. ஹசன் அலி அண்ணன் போன் பண்ணுச்சு. உம்மா கையும் ஓடாம காலும் ஓடாம நின்னாவ. சாமானை எல்லாம் இங்கன கொண்டு வைப்போம்னு நான்தான் சொன்னேன். பூனை இருக்கு, காவலுக்கு ஆள் வேணும், நான் இருக்கேன்னு வந்துட்டேன்." பிறகு அர்ஷியாவைப் பார்க்காமல் பூனையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அங்க உங்க வீட்டுல நடந்ததை உம்மா சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ. அதான், நீங்களும் பக்கத்து வீட்டுக்கு வருவீங்க, இங்கன வந்து உக்காந்தா பேச முடியுமோன்னு..."

அர்ஷியாவின் முகம் சிவந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் கையில் ஊசி குத்துகிறவள், அந்த ஒரு நிமிஷம் துப்பட்டி முனையைத் திருகிக்கொண்டு நின்றாள். அந்தோணியம்மாளும் நானும் கதவருகே ஒதுங்கி, எங்களுக்கு எதுவுமே கேட்காதது போல முகத்தை வைத்துக்கொண்டு நன்றாகக் கேட்டோம்.

"எனக்கு ஒண்ணுதான் கேக்கணும்" என்றாள் அர்ஷியா. "நான் லேப்ல வேலை பாக்கேன். ராத்திரி டூட்டியும் வரும். நிக்காஹுக்குப் பிறகும் போவேன். உங்க உம்மா என்ன சொல்லுதாவங்கிறது வேண்டாம். நீங்க என்ன சொல்லுதீங்க?"

அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த குச்சியைக் கை மாற்றினான். இரண்டு சம்பந்தம் இந்த இடத்தில்தான் கவிழ்ந்தது.

"ராத்திரி டூட்டின்னா எப்படிப் போவீங்க?" என்றான்.

அர்ஷியாவின் முகம் சுருங்கியது. "ஏன்? தனியா போகக் கூடாதா?"

"அதில்ல. எங்கிட்ட வண்டி ஒண்ணுதான் இருக்கு. கடை அடைக்க ஒம்பது மணி ஆவும். அதுக்குப் பிறகுன்னா நான் கொண்டு விடலாம். முந்தின்னா முடியாது. உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நீங்க எடுத்துக்கோங்க. கடை பக்கந்தான், நான் நடந்து போயிருதேன். இங்கனயே ஆஸ்பத்திரி இருக்கு, வேலை கேட்டும் பாக்கலாம். பாளையங்கோட்டைதான் வேணும்னா பஸ்ஸு இருக்கு."

இவ்வளவுதான். ஒருத்தன் வண்டிச் சாவியைப் பற்றிப் பேசியதற்கு எனக்கு எதற்குக் கண் கலங்கியது என்று தெரியவில்லை. 'ஃபேனைக் கூட்டி வை' என்பதைக் கேட்டுக் குடித்தனத்தை ஆரம்பித்தவளுக்கு அப்படித்தான் இருக்கும் போல. அந்தோணியம்மாள் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அர்ஷியா அதோடு விடவில்லை. "இதை உங்க உம்மாகிட்ட ஆரு சொல்லுவா?"

"நான்தான்."

"எப்ப?"

அப்ரார் குச்சியைக் கீழே போட்டான். குனிந்து சோற்றுப் பானையைத் தூக்கினான். "இப்ப" என்றான்.

அர்ஷியா துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு துணியைப் பிடித்துக் கருவாட்டுச் சட்டியைத் தூக்கினாள். பூனை பரிதாபமாகக் கத்தியது.

பச்சை கேட்டைத் திறந்து உள்ளே போனோம். முன்னால் பானையோடு அப்ரார், அவன் பின்னால் சட்டியோடு அர்ஷியா, கடைசியில் நான். பீவி நடுவீட்டில் நல்ல சேலை கட்டி, தலைக்கு முக்காடிட்டு, யாரோ வருவார்கள் என்று தெரியாதது போல் ஒரு கையில் தஸ்பீஹ் மணிமாலையோடு உட்கார்ந்திருந்தார். அறை பளபளவென்று இருந்தது. ஊதுபத்தி மணத்தது. அந்த மணத்துக்குள் கருவாடு நுழைந்தது.

பீவி மகனைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். சட்டியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

எத்தனை நாளாகக் காத்திருந்தேன்! "பாபநாசம் போற வழி மதினி" என்றேன். "பக்கத்து வீட்டுக்கு ஒரு ஃப்ளையிங் விசிட். வந்தது வந்தோம், இங்கனயும் ஒண்ணு."

அப்ரார் முந்திக்கொண்டான். பானையை இறக்கி வைக்காமலே சொன்னான்.

"உம்மா, நிக்காஹுக்குப் பிறகும் இவங்க வேலைக்குப் போவாங்க. பிறகு பாத்துக்கிடலாம்னு சொல்ல வேண்டாம். நான் சம்மதம் சொல்லிட்டேன்."

"பானையைக் கீழ வைலே முதல்ல" என்றார் பீவி.

அவன் வைக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, பானை கனம். அர்ஷியாவும் சட்டியோடு அப்படியே நின்றாள். நான் செய்த கூத்துகளால் எல்லாம் கெட்டு, இந்தப் பிள்ளையின் வாழ்க்கை இந்த இடத்தில் முடிந்துவிடுமோ என்று பயந்தேன். ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டும் என்ற எண்ணமே போய்விட்டது.

"ராத்திரி டூட்டியுமா?" என்று கேட்டார் பீவி. மகனை அல்ல, அர்ஷியாவை.

"ராத்திரி டூட்டியும் மாமி."

பீவி தஸ்பீஹை மடியில் வைத்தார். அவர் உதடு முதலில் ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு அன்றைக்கு மேலப்பாளையத்தில் கேட்ட அதே சிரிப்பு, முந்தானையை வாயில் வைத்து அடக்க அடக்க அடங்காத சிரிப்பு.

"அன்னைக்கு உன் வாப்பாவைப் பாத்ததுமே நினைச்சேன், இது நமக்கு ஏத்த குடும்பம்னு" என்றார். "இவன் இது வரைக்கும் எங்கிட்ட ஒரு சட்டை இந்த நிறம் வேணும்னு சொன்னதில்ல. பானையைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கான் பாரு. சரி, போ. வேலைக்குப் போ. ராத்திரியும் போ." பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, விட்டுக்கொடுக்காத பீவியாகச் சொன்னார். "உங்களுக்கு இருந்து சாப்பிட நேரமிருக்காது. ஃப்ளையிங் விசிட்டுல்லா."

பெண் வீட்டுக்கும் அதே வழக்கம்தான். பேச்சு முடிகிற வரைக்கும் அங்கே கை நனைக்கக் கூடாது, நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். நான் அர்ஷியாவைப் பார்த்தேன். லாத்தா இல்லை, மச்சான் இல்லை. சொல்ல வேண்டியவள் அவள்தான்.

அர்ஷியா சட்டியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பிடுதோம் மாமி. தட்டு எங்க?"

பீவி அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே துடைத்து வைத்த மேடையைத் தவிர ஒன்றுமில்லை.

"ஏலே அப்ரார், ஓடு" என்றார். "தட்டெல்லாம் பக்கத்து வீட்டுல இருக்கு."

அவன் பானையை இறக்கி வைத்துவிட்டு ஓடினான். திரும்பி வருவதற்குள் அர்ஷியா செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.